அலபாமா நாட்குறிப்பு: நடந்தவர்களும் பேசியவர்களும்

மார்ச் 21, வெள்ளி: மாண்ட்கோமரி

மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் தென்பகுதிக்கு வருகிறவர்கள் தும்மலுக்கு மருந்து எடுத்துக்கொண்டு வரவேண்டும். பைன் மரங்கள் மகரந்தம் கொட்டும் பருவம் இது. காலையில் துடைத்த கார் கண்ணாடியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு மஞ்சள் தூள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து அட்லாண்டாவில் என் வீட்டில் தங்கியிருக்கும் சித்தி வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சி.எஸ்.ஐ. சபை, எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். நயாகராவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். "தண்ணீர் விழுவதைக் குற்றாலத்தில் பார்த்தாயிற்று. அந்த பஸ் அம்மா ஊருக்குப் போவோம்" என்றார். பஸ் அம்மா என்றால் ரோசா பார்க்ஸ், 1955இல் மாண்ட்கோமரியில் வெள்ளையருக்காக பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண்மணி.

மாண்ட்கோமரி ஒரு மாநிலத் தலைநகரம் என்று நம்புவது கடினம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கே கடைவீதி அடங்கிவிட்டது. கோர்ட் சதுக்கத்து நீரூற்றுக்குப் பக்கத்தில் ரோசா பார்க்ஸ் சிலை, 2019 டிசம்பர் 1 அன்று திறந்தது. வருகிறவர்கள் சிலையைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். சித்தி அருகிலிருந்த நான்கு கிரானைட் கற்களைப் படித்துக்கொண்டு நின்றார். ஆரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித். பஸ்ஸில் இனம் பிரித்து உட்காரவைத்த சட்டத்தை உடைத்தது பிரவுடர் எதிர் கெயில் என்ற வழக்கு. வாதிகள் இந்த நான்கு பெண்கள். ரோசா பார்க்ஸ் அந்த வழக்கிலேயே இல்லை. 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இவர்களுக்குச் சாதகமான தீர்ப்பை உறுதிசெய்தது.

கோல்வின் கதையைச் சொன்னேன். 1955 மார்ச் 2 அன்று, அதாவது பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால், இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானபோது அவருக்கு வயது 15. ஊர்த் தலைவர்கள் அவரை முன்னிறுத்தத் தயங்கினார்கள். சிறுமி, துடுக்குக்காரி, ஏழைகள் குடியிருப்பு. பிறகு கல்யாணம் ஆகாமல் கர்ப்பம் என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. தன் கறுத்த நிறமும் ஒரு காரணம் என்று கோல்வினே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

"கோர்ட்டுக்கு ஆகிறவள் மேடைக்கு ஆகமாட்டாளா?" என்றார் சித்தி. அந்தச் சிறு வயது வழக்குப் பதிவை நீதிமன்றம் 2021இல்தான் அழித்தது என்றதும் இன்னும் கோபம்.

இரவு உணவு ஒரு பழைய சாப்பாட்டுக் கடையில். ஓர் இறைச்சி, மூன்று காய், சோள ரொட்டி, 14 டாலர். லெந்து காலம் என்பதால் சித்தி கறி தொடவில்லை. காய்களாகவே நான்கு வாங்கினார்: வறுத்த வெண்டைக்காய், காராமணி, கீரை, சர்க்கரைவள்ளி. வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல் காலத்தில் இந்த மண்ணுக்கு வந்தவை. நம் வீட்டுத் தட்டைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. கீரையை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடித்த பிறகு, பரிமாறிய பெண்மணி பெருமையாகச் சொன்னார்: "பன்றிக் காலோடு நான்கு மணி நேரம் வேகவைத்தது, அதுதான் ருசி." சித்தி தண்ணீர் குடித்தார். பிறகு, "கர்த்தர் மன்னிப்பார், சமைத்தவளைக் குறை சொல்லக்கூடாது" என்றார்.

மார்ச் 22, சனி: மாண்ட்கோமரி

ரோசா பார்க்ஸ் கைதான இடத்திலேயே அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். களைத்துப்போன தையல்காரி ஒருத்தி, கால் வலி, எழுந்திருக்கவில்லை என்று பள்ளிப் புத்தகம் சொல்லும் கதை அங்கே போனால் நிற்காது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர் பார்க்ஸ். 1944இல் ஆபவில் என்ற ஊரில் சர்ச்சிலிருந்து வீடு திரும்பிய ரீசி டெய்லர் என்ற இளம் தாயை ஆறு வெள்ளையர்கள் கடத்திச் சென்று பாலியல் வன்முறை செய்தபோது, விசாரிக்கப் போனவர் இவர்தான். குற்றவாளிகள் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அலபாமா சட்டமன்றம் 2011இல் மன்னிப்புக் கேட்டது.

எனக்கு அங்கே மிகவும் பிடித்த ஆள் ஜோ ஆன் ராபின்சன். அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. பெண்கள் அரசியல் மன்றம் என்ற அமைப்பின் தலைவி. 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, பஸ் புறக்கணிப்பு வரும் என்று எச்சரித்தவர். பார்க்ஸ் கைதான வியாழக்கிழமை இரவு, கல்லூரியின் ஸ்டென்சில் இயந்திரத்தில், இன்னோர் ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் வைத்துக்கொண்டு விடிய விடியத் துண்டறிக்கை அடித்தார். பல்லாயிரக்கணக்கில். வெள்ளிக்கிழமை அது பள்ளிகளுக்கும் அழகு நிலையங்களுக்கும் மதுக்கடைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. போதகர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தது அன்று பிற்பகல்தான்.

அந்தப் பிற்பகல் கூட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. போதகர்களில் சிலர் தங்கள் பெயர் வெள்ளையர்களுக்குத் தெரியக்கூடாது என்று தயங்க, இ.டி. நிக்சன் வெடித்தார். ரயிலில் போர்ட்டராக வேலை பார்த்த தொழிற்சங்கக்காரர், பார்க்ஸை ஜாமீனில் எடுத்தவர். நூறு வருஷமாகத் துணி துவைக்கும் பெண்களின் காசில் வாழ்ந்துவிட்டு அவர்களுக்காக ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டார். ஏப்ரனைக் கழற்றி எறியுங்கள், ஆண்பிள்ளைகளாக இருப்பதென்றால் இதுதான் நேரம் என்றார். அறையில் கோழைத்தனத்துக்கு அடையாளம் ஏப்ரன்! அன்று காலை வேலைக்கு மைல் கணக்கில் நடந்து போனவர்களில் பெரும்பாலோர் ஏப்ரன் கட்டிய சமையற்காரிகளும் வீட்டு வேலைக்காரிகளும். இதே நிக்சன், பெண்களுக்கு அடுப்படியைத் தவிர வேறெங்கும் வேலையில்லை என்று பார்க்ஸிடமே சொன்னவர். அப்படியானால் நான்? என்று பார்க்ஸ் கேட்க, எனக்கு நல்ல செயலாளர் வேண்டுமே என்றாராம். நிக்சனின் துணிச்சலில் எனக்குச் சந்தேகமில்லை, அவர் வீட்டிலும் குண்டு வீசினார்கள். ஆனாலும் அந்த ஏப்ரன் பேச்சு எனக்கு நாள் முழுக்க ஜீரணமாகவில்லை.

அன்றிரவு ஹோல்ட் தெரு சர்ச்சில் ஆயிரக்கணக்கானோர் கூடியபோது, புதுத் தலைவரான 26 வயது மார்ட்டின் லூதர் கிங் பேசினார். பார்க்ஸை எழுப்பி அறிமுகம் செய்தார்கள். கைதட்டினார்கள். பேச அழைக்கவில்லை.

மத்தியானம் டெரிகோட் தெருவில் ஜார்ஜியா கில்மோரின் வீட்டைப் பார்த்தோம். சின்னச் செங்கல் வீடு, முன்னால் ஓர் அறிவிப்புப் பலகை, எதிரே நாய் ஒன்று ஓயாமல் குரைத்தது. கில்மோர் ஓர் உணவகத்தில் சமையற்காரி. போராட்டத்துக்கு ஆதரவாக நின்றதால் வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்றார். அவரும் தோழிகளும் கோழி வறுவல், பை, கேக் எல்லாம் விற்று, வாராவாரம் பொதுக்கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தக் குழுவின் பெயர் "எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்". பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று பதில் சொல்லலாம், வெள்ளைக்கார எஜமானி வீட்டில் வேலை பார்க்கிறவளுக்கு ஆபத்து வராது. 381 நாள் நடந்த போராட்டத்தில், பஸ்ஸைப் புறக்கணித்தவர்களை ஏற்றிச்சென்ற தனியார் கார்களுக்குப் பெட்ரோல் போட இந்தக் கேக்குப் பணமும் போயிருக்கிறது. கிங் இந்த வீட்டுக்கே வந்து சாப்பிடுவாராம்.

"பெயரை மறைத்துப் பணம் கொடுத்தாள், சரி. பிறகாவது பெயரைச் சொன்னார்களா?" என்றார் சித்தி. பலகையைக் காட்டினேன்.

மார்ச் 23, ஞாயிறு: மாண்ட்கோமரி

காலையில் ஒரு பாப்டிஸ்ட் சபைக்குப் போனோம். பெயர் வேண்டாம். சித்திக்குச் சேலை, எனக்குச் சல்வார். வாசலில் வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை அணிந்த மூதாட்டி ஒருவர் சித்தியின் கையைப் பிடித்தவர், நாங்கள் உட்காரும்வரை விடவில்லை. காற்று வாங்க அட்டை விசிறி கொடுத்தார். அதில் ஒரு சவ அடக்க நிறுவனத்தின் விளம்பரம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். தொப்பிகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எனக்கு முன்னால் இருந்த ஊதாத் தொப்பி காரணமாகப் போதகரின் முகத்தை ஆராதனை முடியும்வரை நான் பார்க்கவில்லை.

ஆராதனையின் நடுவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து வந்து வேதபாடத்தை விளக்கினார். பத்தே நிமிடம். ஆகாரின் கதை, வீட்டு எஜமானியின் சொல் கேட்டுத் துரத்தப்பட்ட அடிமைப் பெண்ணின் கதை. சபையே எழுந்து நின்றுவிட்டது. அவர் பேசியது மேலேயிருந்த பெரிய பிரசங்க பீடத்தில் இல்லை. கீழே, தரையில், பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்த சின்ன மேசையில். மேலே மூன்று ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்த கூடத்தில் சாப்பாடு, வந்தவர்களுக்கு இலவசம். கையுறை மூதாட்டியிடம் சித்தி நேராகவே கேட்டார்: "அந்தப் பெண் ஏன் மேலே ஏறவில்லை?"

"எங்கள் சபையில் பெண்கள் அங்கே ஏறுவதில்லை."

"எங்கள் திருச்சபையில் ஒரு பெண் பேராயரே 2013இல் வந்துவிட்டார், ஆந்திராவில்."

"ஏ.எம்.இ. சபையில் 2000லேயே வந்தாயிற்று" என்று பக்கத்திலிருந்த இளம்பெண் சொன்னாள். ஏ.எம்.இ. என்பது கறுப்பின மக்களின் மெதடிஸ்ட் சபை. அதன் முதல் பெண் பேராயர் வாஷ்டி மெக்கன்சியைச் சொல்கிறாள். "பாப்டிஸ்டில் ஒவ்வொரு சபையும் தானே முடிவெடுக்கும். இங்கே முடிவெடுக்கிறவர்கள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள்."

மூதாட்டி சிரித்தார். "மேலே இருப்பவருக்குச் சம்பளக் காசோலையில் கையெழுத்துப் போடுவது நான். சமையல், பாட்டு, ஞாயிறு பள்ளி, நோயாளி வீட்டுக்குப் போவது எல்லாம் நாங்கள். ஒரு நாற்காலியை அவர்களுக்கு விட்டிருக்கிறோம். வாரம் முழுக்க வெளியே அவர்களை யாரும் மனிதனாக மதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு பட்டம், ஓர் அங்கி. அதையும் பிடுங்கவா?"

"பாட்டி, அது உங்கள் காலம்" என்றாள் இளம்பெண். "வாரம் முழுக்க வெளியே உங்களை மட்டும் யார் மதித்தார்கள்?"

இந்தச் சண்டை புதிதல்ல. 1900இல் ரிச்மண்டில் நடந்த பாப்டிஸ்ட் மாநாட்டில், நானி ஹெலன் பரோஸ் என்ற இளம்பெண், சகோதரிகள் உதவ விடாமல் தடுக்கப்படுகிறார்கள் என்று பேசிப் பெண்களுக்கென்று தனி அமைப்பே தொடங்கவைத்தார். அந்த அமைப்பு ஊர் ஊராகப் பணம் திரட்டியது, பள்ளி கட்டியது. பீடம் மட்டும் அப்படியே இருந்தது. பீச் பழப் பணியாரம் போன்ற ஓர் இனிப்பை எனக்கு மூன்று கரண்டி வைத்தார்கள். மறுக்க வழியில்லை.

இரவு பதினோரு மணிக்குக் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. சூறாவளி எச்சரிக்கை. ஊர்ச் சங்கு வேறு ஊதத் தொடங்கியது. தங்கியிருந்த விடுதியில் இரவுப் பணியிலிருந்த பையன் எங்களை எல்லாம் தரைத்தளத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்துவிட்டு, விளக்கு போனதும் தானும் எங்கோ போய்விட்டான். தலையணையும் கையுமாக இருபது பேர். ஒரு லாரி ஓட்டுநர் தன் மடக்கு நாற்காலியைச் சித்திக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சூறாவளி வேறு பக்கம் போய்விட்டது. மழைதான் கொட்டித் தீர்த்தது. பெட்டி வைத்திருந்த மூலையில் கூரை ஒழுகி, சித்தியின் இரண்டு சேலைகள் நனைந்தன. காலையில் விடுதிக்காரர்கள் பத்து டாலர் தள்ளுபடி தந்தார்கள்.

மார்ச் 24, திங்கள்: செல்மா

நெடுஞ்சாலை 80இல் மேற்கே ஒரு மணி நேரம். 1965இல் வாக்குரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு அந்த 54 மைலையும் நடந்தே வந்தார்கள். மழைக்குப் பிறகு வானம் கழுவிவிட்டது போல் இருந்தது, மகரந்தமும் அடங்கியிருந்தது. செல்மாவில் 2023 ஜனவரி சூறாவளி சிதைத்த வீடுகளின் மனைகள் பல இன்னும் காலியாகவே கிடக்கின்றன.

எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கால்நடையாகக் கடந்தோம். பாலம் நடுவில் உயர்ந்து சரிவதால், மேட்டை எட்டும்வரை அக்கரை தெரியாது. 1965 மார்ச் 7 அன்று, பேரணியின் முதல் முயற்சியில், அந்த மேட்டில் ஏறியபோதுதான் தடியோடு நின்ற போலீசாரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அமேலியா பாயிண்டன் அடிபட்டு நினைவிழந்து கிடந்த புகைப்படம் உலகமெல்லாம் போனது. அவர் யாரோ ஒரு கூட்டத்துப் பெண் அல்ல. 1930களிலிருந்து அந்த ஊரில் வாக்காளர்களைப் பதிவு செய்துவந்தவர், 1964இல் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நின்றவர். கிங்கை செல்மாவுக்கு அழைத்தவர்களில் ஒருவர்.

மதியம் ஒரு பார்பிக்யூ கடை. புகை வாசனை துணியில் ஏறிவிட்டது. சித்திக்குச் சீஸ் மக்ரோனியும் முட்டைக்கோஸும் எட்டு டாலர். அடுத்த மேசையில் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மகளும். மகள் நர்ஸ். எங்கிருந்து வருகிறீர்கள் என்று தொடங்கியது ஒரு மணி நேரம் ஓடியது.

"ஆண்கள் முன்னால் நின்றார்கள் என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள்" என்றார் அவர். "என் அப்பாவை எழுபது வயதிலும் வெள்ளைக்காரச் சிறுவன் 'டேய் பையா' என்றுதான் கூப்பிட்டான். மெம்ஃபிஸில் 1968இல் துப்புரவுத் தொழிலாளர்கள் 'நான் ஒரு ஆண்' என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அதை எழுதிக் காட்டவேண்டியிருந்தது, புரிகிறதா?"

மகள் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் அப்பா? மிஸஸ் என்றா?" பிறகு எங்களிடம் திரும்பி மேரி ஹாமில்டன் வழக்கைச் சொன்னாள். 1963, இதே அலபாமாவில் காட்ஸ்டன் நீதிமன்றம். அரசு வக்கீல் மேரி, மேரி என்று பெயர் சொல்லியே கூப்பிட, வெள்ளைக்காரப் பெண்களைப் போல் மிஸ் ஹாமில்டன் என்று அழைக்கும்வரை பதில் சொல்லமாட்டேன் என்று நின்றுவிட்டார். அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறை, 50 டாலர் அபராதம். 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. "அவளுக்காக யாரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்ளவில்லை" என்றாள்.

அப்பா மறுக்கவில்லை. நான் ஜேம்ஸ் பெவல் பெயரை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன். செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடப்போம் என்ற யோசனையே பெவலுடையது. போராட்டத்தின் மூளை என்பார்கள். 2008இல், தன் மகளிடமே தகாத உறவு கொண்ட குற்றத்துக்காக வர்ஜீனியாவில் அவருக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். புகார் கொடுத்தது அந்த மகள்தான். அதே ஆண்டு அவர் இறந்துபோனார்.

மேசை அமைதியாகிவிட்டது. "எல்லோருக்கும் தெரியும்" என்றார் அவர் கடைசியில். "வீட்டு விஷயத்தை வெள்ளைக்காரன் காதில் போட்டால், எல்லாக் கறுப்பனும் இப்படித்தான் என்பான். அதனால் வாயை மூடிக்கொண்டோம்." அவர் சொன்னதில் பொய் இல்லை. இதே தேசத்தில் பொய்ப் பாலியல் பழி சுமத்தியே கறுப்பின ஆண்களை மரத்தில் தொங்கவிட்டார்கள். மாண்ட்கோமரியில் அந்தக் கொலைகளுக்கென்று ஒரு நினைவிடமே இருக்கிறது. 1965இல் மொய்னிஹன் என்ற அரசு அதிகாரியின் அறிக்கை, கறுப்பினக் குடும்பங்களின் சீரழிவுக்குப் பெண்கள் கை ஓங்கியிருப்பதும் காரணம் என்று எழுதியது. வெளியே இப்படி அடி விழும்போது உள்ளே பேசுவது எளிதில்லை. ஆனால் வாயை மூடியதற்கு விலை கொடுத்தது யார்? மீ டூ என்ற இயக்கத்தை 2006இல் தொடங்கிய தரானா பர்க், செல்மாவில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர். கறுப்பினச் சிறுமிகள் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றுதான் அதைத் தொடங்கினார்.

பில்லை அவரே கொடுத்துவிட்டார். மகள் எங்களோடு கார் வரை வந்து, "அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்: மாண்ட்கோமரி, பிறகு வீடு

1965இல் இதே தேதியில்தான் செல்மாப் பேரணி சட்டமன்றப் படிக்கட்டை அடைந்தது. அந்த வளாகப் புல்வெளியில் மருத்துவர் ஜே. மேரியன் சிம்ஸுக்கு 1939இல் வைத்த சிலை இன்னும் நிற்கிறது. நியூயார்க் மத்தியப் பூங்காவிலிருந்த அவர் சிலையை 2018இல் எடுத்துவிட்டார்கள். 1840களில் இந்த ஊரில் அடிமைப் பெண்களின் உடம்பில், மயக்க மருந்து இல்லாமல், மறுபடி மறுபடி அறுவை செய்து பழகியவர். அனார்கா, லூசி, பெட்சி என்று மூன்று பெண்களின் பெயர்தான் தெரியும். அனார்காவுக்கு மட்டும் ஏறக்குறைய முப்பது முறை.

ஒரு மைல் தூரத்தில், மில்ட்ரெட் தெருவில், மிஷல் பிரவுடர் என்ற கலைஞர் 2021இல் அந்த மூவருக்கும் சிலை வைத்திருக்கிறார். பழைய இரும்புச் சாமான்களைப் பற்றவைத்துச் செய்தது. அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரம். கிட்டே போனால் சங்கிலி, திருகு, கத்தரி எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. சித்தி ஒவ்வொரு சிலையின் முன்பும் நின்று, மிஸ் அனார்கா, மிஸ் லூசி, மிஸ் பெட்சி என்று சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் எங்களுக்குள் விவாதம். அந்தப் பெண்கள் ஏமாளிகள் அல்ல என்பது சித்தியின் கட்சி. ராபின்சனுக்கு அரசுக் கல்லூரி வேலை, கில்மோருக்குப் பிள்ளைகள். போதகருக்குச் சம்பளம் சபை தருவது, வெள்ளைக்காரன் பிடுங்க முடியாது. ஆகவே அவரை முன்னால் நிறுத்தியது கணக்குப் போட்டுச் செய்த காரியம். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கு முடிந்த பிறகும் நாற்காலி ஏன் கைமாறவில்லை என்பதுதான் என் கேள்வி. 1963 வாஷிங்டன் பேரணியில் ஒரு பெண்ணுக்குக்கூட முக்கிய உரை கிடையாது. பார்க்ஸ் வேலையிழந்து டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகள் வறுமையில் கழித்தார். கிங்கின் அமைப்புக்கு அலுவலகத்தையே கட்டியெழுப்பிய எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண்மணிக்கு நிரந்தர இயக்குநர் பதவி கடைசிவரை தரப்படவில்லை.

ஆபர்ன் தாண்டும்வரை சித்தி பேசவில்லை. பிறகு, "சர்ச்சில் கீழே நின்று பேசினாளே, அவளுக்கு என்ன வயதிருக்கும்?" என்றார்.

நாற்பது என்றேன்.

"அப்படியானால் அவள் காத்திருக்கமாட்டாள். வேறு சபை தொடங்கிவிடுவாள், பாதிப் பேர் பின்னாலேயே போவார்கள். கையுறைக்காரம்மாளும் போவாள், பார்."

போகமாட்டார் என்றேன் நான். லாகிரேஞ்ச் அருகே விபத்து, ஒன்றரை மணி நேரம் வண்டி நகரவில்லை. அதுவரைக்கும் இதுதான் பேச்சு.